வெற்றுப் பாறைக்கு ஒரு கையெழுத்து

பிப்ரவரி 11

மாண்புமிகு குழுத் தலைவர் அண்ணனுக்கு,

நான் போனை எடுப்பதில்லை என்று அண்ணியிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். இனிமேலும் எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். தாளில் அது முடியாது.

அனல்மின் நிலையத்தின் வெந்நீர்க் கால்வாய் பற்றி உங்கள் நிபுணர் குழு கொடுத்த அறிக்கை நேற்று எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. இயந்திரங்களைக் குளிர வைத்துவிட்டுச் சூடாகி வரும் தண்ணீரை என் பாறைகளின் தெற்கு முனையில் கடலில் விடலாமாம். காரணம்? "இக்கரை உயிரினங்கள் மிக அரிதாகக் காணப்படும் வெற்றுப் பாறையாகும்." கீழே வால் நீண்ட உங்கள் கையெழுத்து.

நீங்கள் பாறையைப் பார்க்க வந்த லட்சணம் எனக்கு மறக்கவில்லை. காலையில் கார் வந்தது. அன்று கடல் முழுக்க ஏறியிருந்த நேரம். பாறை மொத்தமும் தண்ணீருக்குள். மெருகேற்றிய பூட்சோடு சாலையோரம் நின்று, நெற்றியில் கையை வைத்துக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேம்மா இங்க" என்றீர்கள்.

"தண்ணி இறங்கட்டும். மத்தியானம் காட்டுறேன்" என்றேன்.

"மத்தியானம் வெயிலாச்சே" என்றீர்கள். கார் திரும்பிவிட்டது.

கண்ணால் பார்க்காத பாறையை வெற்றுப் பாறை என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்குத்தான் தலைவர் பதவி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

குளிர் தேசத்துப் படங்களைப் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. அங்கே பாறை தெரியாத அளவுக்குப் பாசி புரளும். இங்கே அப்படி இராது. மேல் விளிம்பில், அலை தெறிக்கும் ஈரம் மட்டும் எட்டும் இடத்தில், மிளகளவு நத்தைகள் இருக்கின்றன. பகல் முழுவதும் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு, ஒரு சொட்டுக் கோழையின் பிடியில் பாறையில் தொங்கும். சுடும் கல் உடம்பில் படக்கூடாதாம். அதற்குக் கீழே கொட்டலசுகள், சின்னச் சுண்ணாம்புக் கோபுரத்துக்குள் தலைகீழாகக் கிடந்து, காலால் தண்ணீரைத் துழாவிச் சாப்பிடுபவை. இன்னும் கீழே பாறைச் சிப்பி, தொப்பி கவிழ்த்தது போன்ற நத்தை. அடிப்பாறையில் கருப்பும் இளஞ்சிவப்புமாகப் பெயின்ட் அடித்தது போல் ஒரு பூச்சு. அது பெயின்ட் இல்லை, பாசி. அதையும் தாண்டினால் பவளம்.

மற்ற எல்லாம் வெடிப்புக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் இருக்கின்றன. வெளியே தலை காட்டினால், கடல் ஏறும்போது கூடவே வரும் மீன் தின்றுவிடும். எதிரிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். நீங்களோ தெருவில் நின்று பார்த்துவிட்டு, 'இந்த ஊரில் ஆளே இல்லை' என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள்.

அறிக்கையைத் திருத்துங்கள். கால்வாய் பற்றிய பொது விசாரணைக் கூட்டத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது.

உங்கள் தங்கையாகப் பிறந்துவிட்ட
நான்

*

பிப்ரவரி 20

நண்டுக்கு,

நேராக வந்து பேசத் தெரியாமல் பக்கவாட்டில் வந்து கடிப்பதால் சின்ன வயதில் உனக்கு நான் வைத்த பெயர் இது. இன்றுவரை நீ அதற்குக் குறை வைக்கவில்லை.

முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் குதிக்கிறாய். கொஞ்சம் பொறுமையாகப் புரட்டியிருந்தால் உள்ளே உன் பெயரைப் பார்த்திருப்பாய். "இக்கரையில் எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்பதைத் தீர்மானிப்பது வெப்பம் அல்ல; மீன்களும் பிற இரைதின்னிகளுமே." இது யார் வாக்கியம்? என்னுடையதா? உன் கட்டுரையிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

கரையின் மேலே எது, கீழே எது என்பதையெல்லாம் வெயில்தான் முடிவு செய்கிறது என்று ஒருவன் புத்தகம் எழுதினான். கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். அந்த ஆள் உன் சொந்த அண்ணன். நீ என்ன செய்தாய்? பாறையில் கம்பிவலைக் கூண்டுகளை அறைந்தாய். மீன் நுழைய முடியாத கூண்டுக்குள் பாசியும் சிப்பியும் மண்டிக் கிடக்க, வெளியே பாறை மொட்டையாக இருக்கும் படங்களைத் திரையில் போட்டாய். உள்ளேயும் அதே வெயில், வெளியேயும் அதே வெயில் என்றாய். அதோடு நிறுத்தினாயா? "எங்க அண்ணன் புத்தகத்தை மழைக்காலத்துல படிங்க, கதகதப்பா இருக்கும்" என்று மேடையில் சொன்னாய். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. பதிப்பாளர் அடுத்த பதிப்பு போடவில்லை. அதன் பிறகு ஒரு கருத்தரங்குக்கும் எனக்கு அழைப்பு வந்ததில்லை.

போகட்டும். வெற்றுப் பாறை என்ற சொல்லை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன். உன் வெடிப்புக்குள் ஊரே இருக்கிறது என்று எழுதிக்கொள்வோம். அதனால் என்ன? வெப்பம் அவற்றை ஒன்றும் செய்யாது என்று சொன்னவள் நீ. வெயிலுக்கே அசையாதவை வெதுவெதுப்பான தண்ணீருக்கு அசையுமா?

கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "நத்தைக்காக ரெண்டு பேரும் இப்படி அடிச்சுக்கிறீங்களே, அந்த நத்தைக்கு உங்களைத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அண்ணன்

*

மார்ச் 1

அண்ணனுக்கு,

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். எனக்கு எதிராக எழுத உங்களிடம் சரக்கு இல்லை. அதனால் என் வாயிலிருந்தே பிடுங்கிப் போட்டுக்கொண்டீர்கள்.

என் கட்டுரை வெயிலைப் பற்றியது. வெந்நீர் வேறு, வெயில் வேறு. கால்வாயில் வெறும் தண்ணீரா வருகிறது? குழாயில் எதுவும் ஒட்டாமலிருக்கக் குளோரின் கலப்பார்கள். அலை இல்லாத நாளில் அது பாறை ஓரத்திலேயே தேங்கி நிற்கும். மணல் கரைந்து நகரும். இதையெல்லாம் உங்கள் குழு யோசித்ததா? அந்தக் குழுவில் கடலில் கால் நனைத்த ஆள் ஒருவராவது உண்டா? அறிக்கையோடு வந்த படத்தில் எல்லோரும் நாற்காலியில்தான் இருக்கிறார்கள். நீங்கள் நடு நாற்காலியில், பவளத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

என் பிராணிகள் வெயிலுக்குப் பழகியவை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் வாதம் குதர்க்கம். அதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

தங்கை

*

மார்ச் 9

நண்டுக்கு,

குளோரினைப் பற்றி நான் கேட்கவில்லை. மணலைப் பற்றிக் கேட்கவில்லை. என் முகத்தைப் பற்றி நிச்சயமாகக் கேட்கவில்லை.

சூடு கொல்லுமா, கொல்லாதா? கொல்லும் என்றால் உன் கட்டுரை பொய். கொல்லாது என்றால் கால்வாய் வரட்டும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நில். பக்கவாட்டில் ஓடாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 17

அண்ணனுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது. எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் காற்று நின்றுபோனது. அலை எழும்பவில்லை. அதே நாட்களில் கடல் நன்றாக வற்றும் நேரம் உச்சி வெயிலில் வந்து விழுந்தது. இவை இரண்டும் இப்படிச் சேர்ந்து நான் இங்கே வந்ததிலிருந்து பார்த்ததில்லை. வழக்கமாக வற்றிக் கிடந்தாலும் அலை தெறித்துப் பாறையை நனைத்துக்கொண்டிருக்கும். இந்த முறை ஒரு தெறிப்பும் இல்லை. வெள்ளைக் கறை படிந்து, உப்புப் பூத்து, பாறை அடுப்பு மாதிரிக் கிடந்தது.

முதலில் தொப்பி நத்தைகள். அவற்றைக் கத்தி கொண்டு நெம்பினாலும் பெயர்க்க முடியாது, அப்படிப் பிடித்திருக்கும். நான் நடந்தபோது, நடந்த அதிர்வுக்கே உதிர்ந்தன. குனிந்து ஒன்றைத் தொட்டேன். கையோடு வந்தது. உள்ளே தசை வெந்து வெளுத்திருந்தது. அடுத்த நாள் சிப்பிகள் வாய் பிளந்தன. அதற்கடுத்த நாள் நாற்றம். நிலையத்தின் காவலாளி வாசலிலிருந்தே, "அம்மா, மீன் லாரி ஏதாச்சும் கவுந்துடுச்சா?" என்று கேட்டார். அலுவலக ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன்.

மேல் விளிம்பு நத்தைகள்தான் எனக்குக் கடைசி நம்பிக்கை. வெயிலில் தொங்கத் தெரிந்தவை அல்லவா? போய்ப் பார்த்தேன். வெடிப்புகளுக்கு அடியில் குவியல் குவியலாக உதிர்ந்து கிடந்தன. ஒரு பிடி அள்ளிக் கடல்நீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உயிர் இருந்தால் கதவைத் திறந்து நடக்கும். எதுவும் திறக்கவில்லை.

பிறகு கூண்டுகளைப் பார்த்தேன். கூண்டுக்குள்ளும் சாவு, கூண்டுக்கு வெளியேயும் சாவு. வித்தியாசமே இல்லை. அடிப்பாறைக்கு மட்டும் சேதம் குறைவு. என் கூண்டுகளில் பெரும்பாலானவை அடிப்பாறையில்தான் இருந்தன. நான் பார்த்த வருடங்களெல்லாம் காற்று வீசிய வருடங்கள். அடியில் மீன் தின்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, மேலேயும் அதுதான் கதை என்று எழுதிவிட்டேன். மேலே கதை வேறு. அங்கே வெயில் பிடித்துக் கீழே தள்ளுகிறது. கீழே மீன் காத்திருக்கிறது. நடுவில் கிடைக்கும் ஒடுக்கமான பட்டையில்தான் இவை குடித்தனம் நடத்துகின்றன.

ஆகவே, நீங்கள் எழுதிய புத்தகத்தில் பாதி சரி. ஒரு முறைதான் சொல்வேன். திரும்பக் கேட்காதீர்கள்.

இப்போது மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தெரியாமல் தவறாக எழுதினேன். நீங்கள் சரியானது எது என்று தெரிந்தவர். வெப்பம் கொல்லும் என்று பக்கம் பக்கமாக எழுதியவர். அப்படிப்பட்டவர் வெந்நீர்க் கால்வாய்க்குச் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். எதற்கு? என்னைப் பழிவாங்கவா, இல்லை நடு நாற்காலிக்காகவா? எதுவாக இருந்தாலும், என் கட்டுரையின் நாற்றத்தைவிட அந்தக் கையெழுத்தின் நாற்றம் அதிகம்.

தங்கை

*

ஏப்ரல் 25

நண்டுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்தேன். 'பாதி சரி' என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். "போதும், சாப்பிடுங்க" என்றாள் உன் அண்ணி. எத்தனையோ வருடம் காத்திருந்து கிடைத்த வரி. சாப்பாடு இறங்கவில்லை.

பழிவாங்கினேன் என்கிறாய். நாற்காலிக்கு விற்றேன் என்கிறாய். என்னை உனக்கு அவ்வளவுதான் தெரியும்.

உன் கட்டுரை வந்த நாளிலிருந்து அதில் ஓட்டை தேடினேன். வேறு வேலை இல்லாதவன் மாதிரித் தேடினேன். உன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். கூண்டின் நிழலே பாசியை வளர்த்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்து, துள்ளிக் குதித்து, அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அதற்கும் நீ பதில் எழுதி வைத்திருந்தாய். கடைசியில் என் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். போடும்போது உன் அண்ணி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேள்.

நான் எதையும் விற்கவில்லை. உன்னை நம்பினேன். குழுவில் அந்தப் பத்தியை எழுதும்போது, 'இவள் சொல்வதுதான் சரி, நான் எழுதியது பிழை' என்று மனதாரத்தான் எழுதினேன். அதை எழுத எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிற பழக்கம் உனக்கு இல்லை.

இப்போது வந்து, 'தவறாக எழுதியவள் நான்தான்' என்கிறாய். ரொம்ப நல்லது. பரணிலிருந்து யார் இறக்குவது?

அண்ணன்

*

ஏப்ரல் 30

அண்ணா,

இதற்கு நீங்கள் லஞ்சம் வாங்கியிருக்கலாம். எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

என்னைப் போய் யார் நம்பச் சொன்னது? பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையாவது நம்பியிருக்கிறீர்களா? மழை வரும் என்றால் குடை எடுக்காமல் போவீர்கள். நம்பக்கூடாத ஒரே ஒரு விஷயத்தில் வந்து நம்பியிருக்கிறீர்கள். அதுவும் வந்து பார்க்காமல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களாம்! பாறை இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஒரு மத்தியானம் வந்து நின்றிருந்தால், மேல் விளிம்பில் நான் ஒரு கூண்டுகூட வைக்கவில்லை என்பது தெரிந்திருக்கும். அதுதான் ஓட்டை. தேடியவர் நீங்கள்தானே?

விசாரணைக் கூட்டத்தில் நான் பேசக் கூடாது என்று எங்கள் துறையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. நிலையத்து ஊழியர்கள் வாயைத் திறக்கக் கூடாதாம். என் கட்டுரையில் தவறு எங்கே என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு இத்தோடு அனுப்புகிறேன். படிக்கப்போவது நீங்கள். ஊர் முன்னால் என் தவறை வாசிக்கும் பாக்கியம் உங்களுக்கு. அனுபவியுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கையெழுத்தையும் எடுங்கள்.

இறந்த சிப்பிகள் இன்னும் பாறையில் வாய் பிளந்துதான் இருக்கின்றன. ஒரு பையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். அண்ணி கையில் கொடுத்துவிடாதீர்கள், நாறும்.

தங்கை

*

மே 22

நண்டுக்கு,

நேற்று கூட்டம் முடிந்தது. நீ இல்லாததால் நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேள்.

பெரிய அரங்கம். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. மின் நிலையத்தின் தலைமைப் பொறியாளர், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருவாரே, அவர்தான் முதலில் எழுந்தார். உன் வாக்கியத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார். "இது நாங்க சொல்றது இல்லைங்க. பாறை மேலேயே வாழ்ற விஞ்ஞானி சொல்றாங்க" என்றார். கைதட்டல்.

தலைவர் என்ற முறையில் அடுத்து நான் பேச வேண்டும். உன் தாளை எடுத்தேன். என் தங்கையின் கட்டுரையில் உள்ள தவறுகள் என்று தொடங்கி ஒரு வரி விடாமல் வாசித்தேன். இதை எத்தனை முறை கனவில் வாசித்திருப்பேன் தெரியுமா? நிஜத்தில் பாதியிலேயே நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர வேண்டியிருந்தது. நீ நறுக்கென்று எழுதியிருக்கிறாய். ஒரு சாக்குப்போக்கு இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

கழுத்துப்பட்டி சும்மா இருக்கவில்லை. "அப்ப அவங்க முன்னாடி எழுதினது தப்புன்னா, இப்ப எழுதினதும் தப்பா இருக்கலாமே சார்?" என்றார். அரங்கம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பழக்கமானது. ஆனால் இந்த முறை நான் சேர்ந்து சிரிக்கவில்லை.

விசாரணை அதிகாரி என்னைக் கேட்டார். "நீங்களும்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"போட்டேன். என் தங்கச்சி எழுதினதை நம்பிப் போட்டேன்."

"இப்ப?"

"இப்பவும் அவ எழுதினதைத்தான் நம்புறேன். அதனால எடுத்துக்கறேன்."

"பாறையை நேர்ல பாத்தீங்களா?"

இந்தக் கேள்வி வருமென்று எனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பொய் சொல்லலாம். சொல்லவில்லை. "கடல் ஏறியிருந்தப்ப சாலையில நின்னு பாத்தேன்" என்றேன். அப்போது வந்த சிரிப்பு முன்னதைவிடப் பெரிது. பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

உன் பையைப் பிரித்து மேஜையில் கவிழ்த்தேன். சிரிப்பு நின்றது. நாற்றம் அந்த வேலையைச் செய்தது.

முடிவு இதுதான். மற்ற உறுப்பினர்கள் அறிக்கையை மாற்றச் சம்மதிக்கவில்லை. அதிகாரி, ஒரு கோடை முழுக்கப் பாறையை அளந்து பார்த்துவிட்டுத்தான் கால்வாயைத் திறக்கலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார். அளக்கும் பொறுப்பு உங்கள் நிலையத்துக்கு. என்னைத் தலைவர் பதவியிலிருந்து விலகிக்கொள்ளச் சொன்னார்கள். விலகினேன். நடு நாற்காலி இப்போது காலி. உனக்கு நிம்மதிதானே?

அண்ணன்

*

ஜூன் 16

அண்ணா,

நிம்மதி என்பது எனக்கு எங்கே வாய்த்தது? உங்கள் கடிதம் வந்த வாரத்திலேயே மாற்றல் உத்தரவும் வந்தது. மலையடிவாரத்தில் நன்னீர் மீன் பண்ணை. கடலிலிருந்து ஒரு பகல் பயணம். தொட்டி தொட்டியாகக் கெண்டை. தீவனத்தைக் கொட்டினால் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. இந்த ஜீவனைப் பார்த்தால் எனக்கு உங்கள் குழு உறுப்பினர்கள் ஞாபகம்தான் வருகிறது.

என் இடத்துக்கு ஆள் போடவில்லை. போடவும் மாட்டார்கள். ஆள் இல்லாவிட்டால் கோடையை யார் அளப்பது? அளக்காவிட்டால் "பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை" என்று ஒரு வரி. கால்வாய் திறந்துவிடும். கழுத்துப்பட்டியைக் குறைத்து எடை போட்டுவிட்டோம்.

அளக்க ஒரே ஒருவர்தான் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், எந்தத் துறையும் மாற்றல் கொடுக்க முடியாதவர், வீட்டில் அண்ணிக்கு உபத்திரவமாக இருப்பவர். வெளியாட்களும் நிலையத்தின் அனுமதியோடு ஆராய்ச்சி செய்யலாம் என்று விதி இருக்கிறது. விதிகளைப் படிப்பதில் நீங்கள் கெட்டிக்காரர்.

பாறையில் நடக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். வழுக்கும் இடத்தில் உட்கார்ந்து நகருங்கள். வெட்கப்பட வேண்டாம், பார்ப்பதற்கு நத்தைதான் இருக்கும். மேல் விளிம்பில் வெப்பமானிகளைப் பதியுங்கள். இந்த முறையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தங்கை

*

ஜூன் 4

நண்டுக்கு,

நீ மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கோடையும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. உனக்கு முழு விவரமும் எழுதாமல் இத்தனை மாதம் இழுத்ததற்குக் காரணம், எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் அனுப்புவாய்.

முதலில் உன் கூண்டுகள். இவ்வளவு கேவலமான வெல்டிங்கை நான் பார்த்ததில்லை. பாதிக்கு மேல் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. நீ பாறையில் பெயின்டால் எழுதிய எண்கள் உனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் புரியும். எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. மாரிக் காலத்தில் வந்த நத்தைக் குஞ்சுகளும் சிப்பிக் குஞ்சுகளும் பாறையில் பட்டையாக உட்கார்ந்துவிட்டன. அவற்றின் மேல் மிதிக்காமல் நடக்கக் கற்றுக்கொள்வதற்குள் முழங்கால் இரண்டும் தோலுரிந்தன. உன் அண்ணி மஞ்சள் மருந்து போட்டுக்கொண்டே, "படிச்சவங்கன்னு வெளிய சொல்லாதீங்க" என்றாள்.

இந்த வருடம் காற்று நிற்கவில்லை. போன வருடம் போலச் சாவு வரவில்லை. கழுத்துப்பட்டிக்குக் கொண்டாட்டம். "எங்க சார் சாவு?" என்று வாரா வாரம் கேட்டு ஆள் அனுப்பினார். வெப்பமானியைப் பார்த்தால் பாறை ஐம்பது பாகையைத் தொட்டுவிட்டு வருகிறது. நத்தைகளோ பிடித்துக்கொண்டு நிற்கின்றன. உன் பழைய கட்டுரைதான் சரியோ என்று ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. உன்னை மறுபடி நம்புவது என்றால் எனக்கு எவ்வளவு கஷ்டம் பார்.

பிறகு ஒரு மத்தியானம் வெடிப்பு ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடல் ஏறத் தொடங்கி முதல் அலை வந்து நனைத்தது. தொங்கிக்கொண்டிருந்த அத்தனையும் கதவைத் திறந்தன. ஒரே நேரத்தில். நடக்க ஆரம்பித்தன, மேய ஆரம்பித்தன. அப்போதுதான் உறைத்தது. நாம் இருவரும் கடல் இறங்கியிருக்கும் நேரத்தைப் பற்றியே சண்டை போட்டோம். ஏறியிருக்கும் நேரத்தில்தான் அவை தேறிக்கொள்கின்றன. அன்றைய வெயிலைத் தாங்கிய உடம்பு அடுத்த வெயிலுக்குத் தயாராவது அந்தத் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீரே சூடாக வந்தால்?

இரண்டு தொட்டி வைத்தேன். ஒன்றில் கடல்நீர். மற்றதில் கால்வாய் வாயில் எவ்வளவு சூடு வரும் என்று அவர்களே அறிக்கையில் எழுதியிருக்கிறார்களோ அவ்வளவு. தொப்பி நத்தைகளை, நனைந்து பிடி தளரும் நேரம் பார்த்துப் பெயர்த்து, கடல் ஏறும் நேரமெல்லாம் தொட்டியில் வைத்துவிட்டு, இறங்கும் நேரம் பாறையில் விட்டேன். கடல்நீர்த் தொட்டியில் இருந்தவை நின்றன. வெந்நீர்த் தொட்டியில் இருந்தவை மூன்றாம் மத்தியானத்தில் உதிர்ந்தன. திரும்பத் திரும்பச் செய்தேன். திரும்பத் திரும்ப உதிர்ந்தன.

விசாரணை அதிகாரியை நேரில் வரச் சொல்லி எழுதினேன். கடல் வற்றியிருக்கும் உச்சி வேளைதான் என்று நிபந்தனை போட்டேன். வந்தார். கழுத்துப்பட்டியும் வந்தார், குடையோடு. அதிகாரி குனிந்து இரண்டு தொட்டி நத்தைகளையும் விரலால் தள்ளிப் பார்த்தார். ஒரு பக்கம் அசையவில்லை. ஒரு பக்கம் கையில் வந்தது.

"வெயில் எல்லாருக்கும் பொதுதானே சார்?" என்றார் கழுத்துப்பட்டி.

"வெயில் பொது. தண்ணி உங்களோடது" என்றேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்து, கால் வழுக்கி, சமாளிக்கப் பாறையில் கையை ஊன்றினார். அலறி எடுத்தார்.

உத்தரவு முந்தாநாள் வந்தது. கால்வாய் கிடையாது. தண்ணீரை ஆறவைத்து, குழாய் போட்டு ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்த்தான் விட வேண்டும். உன் மாற்றலைப் பற்றியும் அதிகாரியிடம் கேட்டேன். அது என் அதிகாரத்தில் இல்லை என்று கையை விரித்துவிட்டார். உன்னை அவர்கள் திரும்ப விடப் போவதில்லை. கெண்டைகளோடு சமாதானமாகப் போ.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. உன் குவார்ட்டர்ஸில் ஜன்னல் கொக்கியைச் சரி செய்துவிட்டேன். உன் அண்ணியும் வந்துவிட்டாள். இங்கே நான் பகல் முழுக்க வெளியே இருப்பதால் வீடு அமைதியாக இருக்கிறதாம்.

கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் பெயரையும் போடுகிறேன். இரண்டாவதாக.

அண்ணன்

*

ஜூன் 13

அண்ணா,

இரண்டாவதாகவா? அகர வரிசைப்படி பார்த்தாலும், பாறையில் கழித்த வருடப்படி பார்த்தாலும், அறிவுப்படி பார்த்தாலும் என் பெயர்தான் முதலில் வரவேண்டும். ஒரு கோடை பாறையில் உட்கார்ந்துவிட்டு அங்கேயே முளைத்தவர் மாதிரி எழுதுகிறீர்கள்.

தொட்டி வேலை மோசமில்லை. ஆனால் நத்தைகளைத் தூக்கித் தூக்கி வைத்ததாலேயே சில இறந்திருக்கலாம் என்று எவனாவது கேட்பான். நான் கேட்கிறேன். தொட்டிக்கே கொண்டுபோகாமல், சும்மா பெயர்த்து அதே இடத்தில் வைத்த மூன்றாவது கூட்டம் எங்கே? இல்லையென்றால் உடனே செய்யுங்கள். காற்று மாறுவதற்குள்.

கடல் ஏறும் நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன். ஓட்டை தேடித்தான். கிடைக்கவில்லை. எத்தனையோ வருடம் அந்த வெடிப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள் நான். அலை வந்ததும் அடுத்த கூண்டுக்கு ஓடிவிடுவேன். ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லை. அது உங்களுக்குப் போய்ப் பிடிபட்டிருக்கிறது என்பதை நினைத்தால் இங்கே கெண்டைக்குத் தீவனம் போடக்கூடக் கை வரவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். கொடுத்தால் வருவேன். அதற்குள் என் பாறையிலிருந்து இறங்கிவிடுவீர்கள் என்று நம்பவில்லை. இறங்காவிட்டால் தெற்கு முனை உங்களுக்கு, வடக்குச் சரிவு எனக்கு. எல்லை தாண்டினால் அண்ணிதான் பஞ்சாயத்து.

மேல் விளிம்பில் புதிதாக வந்து ஒட்டும் குஞ்சுகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எழுத மாட்டீர்கள், வெறுங்கண்ணுக்கு அவை தூசி மாதிரிதான் தெரியும். என் மேஜையில் இடது இழுப்பறையில், துணி சுற்றி ஒரு லென்ஸ் இருக்கிறது. யாருக்கும் கொடுத்ததில்லை. எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பாருங்கள், மூச்சுக் காற்று பட்டால் கதவைச் சாத்திவிடும்.

பார்த்ததை அன்றைக்கே எழுதிப் போடுங்கள். போனில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். எடுக்கிறேன்.

தங்கை